பதினாலாவது கவாத்து

“இன்னும் பதினேழே நாளு தாயி, நான் சொல்றதக் கொஞ்சம்…”

“பதினேழும் வேணாம், பதினெட்டும் வேணாம். என் பன்னெண்டு லட்சத்த…”

“…காது குடுத்துக் கேளு. பதினேழாம் நாளு ஷேர் மார்க்கெட்டு சரியுது. மடமடண்டு சரியும்போது…”

“…எடுத்து எங்கையில குடுண்ணே! கடை கைய விட்டுப் போகுதுங்கிறேன், நீ மார்க்கெட்டு மாமரம்ண்டுக்கிட்டு இருக்க!”

“…அள்ளிப் போடுறோம். அள்ளி!”

“மூணு வருசமா அள்ளிக்கிட்டுத்தான் இருக்க. இன்னும் கூடையே எடுக்கல.”

சுந்தரலிங்கம் சுவரில் தொங்கிய நாட்காட்டிப் பக்கம் திரும்பினார். அடுக்களையில் அவர் மனைவி பிச்சையம்மாள் சிரித்தது கூடம் வரைக்கும் கேட்டது.

தேவயானி அவருடைய ஒரே தங்கச்சி. கம்பத்தில் ஜீப் நிற்கிற இடத்துக்கு எதிரே இட்லிக்கடை வைத்திருக்கிறாள். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறுகிற பெண்கள் விடியும் முன்பே அங்கே சாப்பிட்டு, மதியத்துக்கும் பொட்டலம் கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறுவார்கள். கடை அவளுடையது, கட்டிடம் சண்முகராஜுடையது. அதை விற்கப் போவதாக அவர் சொல்லிவிட்டார். பதினஞ்சு லட்சம். பத்து வருசமாக இருப்பதால் முதல் கேள்வி அவளுக்குத்தான்.

“மூணு வருசத்துக்கு முன்ன அவரு பதினொண்ணுதான் கேட்டாரு,” என்றாள் தேவயானி. “அன்னைக்கே வாங்குறேண்டு ஒங்கிட்ட வந்து நின்னேன். என்ன சொன்ன?”

“என்ன சொன்னேன்?”

“கட்டிடத்துல போட்டா காசு முடங்கிப் போகும்ண்டு சொன்ன. இப்ப ஒன் பேங்குல நல்லா ஓடி ஆடித் திரியுதாக்கும்?”

அம்மா விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தை விற்றதில் ஆளுக்குப் பன்னிரண்டு லட்சம் வந்தது. இரண்டு பங்கும் அண்ணன் கணக்கில் விழுந்தன. தேவயானியும் கேட்டு வாங்காமல் விட்டாள். காரணம், அண்ணன் அப்போது ஊரில் தீர்க்கதரிசியாகிவிட்டிருந்தார்.

கொரோனா வந்த வருசம் மாசி மாதம் சுந்தரலிங்கம் தன் ஷேர்களை எல்லாம் விற்றார். அடுத்த மாதம் மார்க்கெட் தலைகுப்புற விழுந்தது. கம்பத்தில் ஷேர் வைத்திருந்த ஆறேழு பேரில் தப்பித்தவர் அவர் ஒருவர்தான். எப்படித் தெரிந்தது என்று ஊரே கேட்டது. அவர் மேலே பார்த்துச் சிரித்தார். காற்றில் பந்தல் சாய்ந்து கல்லுக்கால் பதினெட்டு ஒடிந்துபோனதால், புதுக் கல்லும் கம்பியும் வாங்கத்தான் விற்றார் என்பது பிச்சையம்மாளுக்கு மட்டும் தெரியும். அவளை யாரும் கேட்கவில்லை.

தோட்டம் போன பிறகும் சுந்தரலிங்கத்தின் தலைக்குள் பந்தல் போகவில்லை. திராட்சைக்காரன் கவாத்து பண்ணிய நாளிலிருந்து எண்ணுவான். கொடியை மொட்டையாக வெட்டி விட்டால் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும், நூற்றி இருபதாம் நாள் பழம் லாரியில் ஏறும். பிறகு மறுபடியும் வெட்டு. அவர் கணக்குப்படி மார்க்கெட்டும் ஒரு கொடிதான். கொரோனாச் சரிவு முதல் வெட்டு. அங்கிருந்து நூற்றி இருபது, நூற்றி இருபதாக எண்ணி, நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டார். மழைக்கு நாலு நாள் தள்ளினார், பனிக்கு ஒரு வாரம் கூட்டினார். அதற்குப் பிறகு அவர் போட்ட வட்டங்கள் பன்னிரண்டு. பன்னிரண்டு தடவையும் மார்க்கெட் அவரைக் கேட்காமல் ஏறியது.

“இது பதினாலாவது கவாத்து,” என்றார், நாட்காட்டியை ஆணியிலிருந்து கழற்றி அவள் மடியில் வைத்து.

“பன்னெண்டு பொய்யாப் போச்சு. கொரோனாவோட சேத்தா பதிமூணு. சரிதான், கணக்கு மட்டும் நல்லா வருது.”

“கவாத்து தள்ளிப் போகப் போக கொடி அடர்ந்துக்கிட்டே போகும் தாயி. வெட்டு பெருசா விழுகும். அன்னைக்கு வாங்குறவனுக்குத்தான் வெளச்சல். சரி, இதச் சொல்லு. ஒங்கிட்ட இருக்கிறது பன்னெண்டு. கட்டிடம் பதினஞ்சு. மிச்சம் மூணுக்கு என்ன பண்ணப் போற?”

அந்த மூன்று லட்சத்துக்காகத்தான் தேவயானி ஒரு வாரமாகத் தூங்கவில்லை. கணவன் திலீபன் ஓட்டுகிற ஜீப்பே இன்னும் தவணையில் ஓடுகிறது.

“சரிஞ்ச அன்னைக்குப் போட்டா, நூத்தி இருபதாம் நாளு பன்னெண்டு பதினாறாகும். தை மாசம் பதினஞ்சாம் தேதி. கட்டிடத்தையும் வாங்கு, போர்டையும் மாத்து.”

“அந்த மூணு லட்சத்துக்கு வழி இல்லாமப் போனதே ஒன்னாலதான்,” என்றாள். நாட்காட்டியின் சிவப்பு வட்டத்தில் விரலை வைத்தாள். “சரி, கேட்டுக்க. பதினேழாம் நாளு சரிஞ்சா வாங்கு. சரியலண்டா பதினெட்டாம் நாளு எங்காசு எங்கையில. மழை, பனிண்டு ஒரு நாளு தள்ளக்கூடாது. மதினி, நீங்க சாச்சி.”

“நான் எதுக்கும் சாச்சி இல்லாத்தா,” என்றாள் பிச்சையம்மாள் உள்ளேயிருந்து. “எனக்குப் பருப்பு தீயுது.”

பதினேழாம் நாள் காலையில் பேச்சிமுத்துவின் உரக்கடையில் ஐந்து பேர் கூடிவிட்டார்கள். பேச்சிமுத்துதான் சுந்தரலிங்கத்தின் முதல் பக்தன். மூட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அண்ணனுக்கென்றே போட்டு வைத்திருப்பான். எல்லோர் கண்ணும் செல்போனில் இருந்தது.

“அண்ணே, செவப்பாயிருச்சு!”

“எம்புட்டு?”

“நூத்துக்கு அரை.”

“பாத்துக்கிட்டே இரு. இப்பத்தான் கத்தியத் தீட்டுறான்.”

பன்னிரண்டு மணிக்கு ஒன்று. இரண்டு மணிக்கு ஒன்றேகால். அதோடு நின்றுவிட்டது. மார்க்கெட் மூடுவது மூன்றரைக்கு. மூன்று மணிக்குச் சுந்தரலிங்கம் வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்தார். இது சரிவு இல்லையென்றால் நாளைக் காலையில் தங்கச்சி வாசலில் நிற்பாள். பதினாலாவது கவாத்தும் பொய்த்தது என்ற பேச்சு ஜீப்பில் ஏறி மலைக்கும் போகும், கூடலூர் தாண்டிக் குமுளிக்கும் போகும்.

“சரிஞ்சிருச்சு,” என்றார்.

பேச்சிமுத்து போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதாண்ணே? எங்கடை யூரியா அடுக்கு இதவிட நல்லாச் சரிஞ்சு கெடக்கு.”

“கவாத்துண்டா என்னடா? கத்தி பட்டாலே கவாத்துதான். பட்டாச்சு. இனி துளிரு.”

“நாளைக்கு இன்னும் எறங்குச்சுண்டா?”

“ஏலே, நீ திராட்சைக்காரன் மகந்தானே? ஒரே கொடிய ஒரே மாசத்துல ரெண்டு தடவ கவாத்து பண்றவன் எங்கனயாச்சும் உண்டா?”

பேச்சிமுத்து யோசித்தான். மற்ற நாலு பேரும் யோசித்தார்கள். ஐந்து பேரும் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவர்கள். இல்லைதான், அப்படிப் பண்ணுகிறவன் யாரும் இல்லை. வேறு ஊராக இருந்தால் இந்த இடத்தில் ஒருவனாவது சிரித்திருப்பான். கம்பத்தில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

“அப்ப நீங்களும் போடுங்கடா.”

“எனக்கு மருந்துக் கம்பெனிக்குக் கட்ட வேண்டியிருக்குண்ணே,” என்றான் பேச்சிமுத்து. இன்னொருவனுக்கு மாமனாருக்கு முடியவில்லை. மூன்றாமவனுக்கு அந்த நேரம் பார்த்து போனில் சார்ஜ் இறங்கிவிட்டது. “நீங்க போடுங்கண்ணே, நாங்க பாத்துக்கிறோம்.”

அவர் போட்டார். பத்து நிமிசத்தில் தேவயானியின் பன்னிரண்டு லட்சமும் போய்ச் சேர்ந்தது. பிறகு தங்கச்சிக்குப் போன் போட்டார். அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு எடுத்தாள்.

“தாயி, சரிஞ்சிருச்சு! வாங்கிட்டேன்!”

“எம்புட்டுச் சரிஞ்சது?”

“அதெல்லாம் ஒனக்குப் புரியாது. பன்னெண்டு கம்பெனி வாங்கிருக்கேன். எல்லாம் சின்னக் கம்பெனி. பெருசெல்லாம் கெழட்டுக் கொடி, காய்ப்பு இருக்காது. இது எளங்கொடி.”

“என்ன செய்யிற கம்பெனி?”

“ஒருத்தன் பைப்பு போடுறான். ஒருத்தன் கெமிக்கல். ஒருத்தன் என்னமோ… சாஃப்ட்வேரு.”

“ஆளு யாரு? எங்கன இருக்கு?”

“குஜராத் பக்கம். அது எதுக்கு ஒனக்கு?”

“அண்ணே, நான் கால் கிலோ உளுந்து வாங்க நாலு கடை ஏறி எறங்குறேன். வாயில போட்டுக் கடிச்சுப் பாக்குறேன்.”

“ஷேர வாயில போட்டுக் கடிக்க முடியாது தாயி.”

மறுநாள் மார்க்கெட் இறங்கியது. அதற்கு மறுநாள் இறங்கியது. அந்த வாரம் முடியும்போது, பேச்சிமுத்துவின் கடையில் யூரியா அடுக்கை யாரும் உவமை சொல்லவில்லை.

ஐப்பசியில் தேவயானி போனில் கேட்டாள். “துளிரு தாமதமா வருது. அடைமழைக்கு அப்படித்தான்,” என்றார். கார்த்திகையில் கேட்டாள். “பனி எறங்குது. கண்ணு திறக்க மாட்டேங்குது.” மார்கழியில் அவள் கேட்கவில்லை. அவரே அவள் கடை வழியாக வருவதை நிறுத்திவிட்டார். பேச்சிமுத்து கடைக்குப் போக வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு நடந்தார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று எல்லோரிடமும் சொன்னார்.

பொங்கலுக்கு முதல் நாள் சண்முகராஜ் கடைக்கு வந்து டீ குடித்தார்.

“செல்போன் கடைக்காரக பதினாறு லட்சம் தாரேங்கிறாக, தேவயானி.”

“தை பதினஞ்சுண்டு பேசியிருக்கோம் மொதலாளி.”

“நான் மாறல. பதினஞ்சாம் தேதிக்குள்ள நீ வந்தா ஒனக்குத்தான். பதினாறாம் தேதி வந்து அழுதா நான் என்ன செய்ய, சொல்லு. ஒங்க அண்ணன் பெரிய ஆளு, பாத்துக்குவாரு.”

“பெரிய ஆளுதான்,” என்றாள். “டீக்குக் காசு வேணாம்.”

“அதெப்படி,” என்று சண்முகராஜ் பத்து ரூபாயை வைத்துவிட்டுப் போனார். வியாபாரத்தில் அவர் யாருக்கும் கடன்பட்டவரில்லை.

தை பதினைந்து. தேவயானி காலை வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். நாட்காட்டியில் அன்றைய தேதியைச் சுற்றிப் பச்சை மை இருந்தது.

“போனக் காட்டு.”

“இப்ப நெட்டு கெடைக்காது…”

“காட்டுண்ணே.”

அவர் காட்டினார். எட்டு லட்சத்துப் பத்தாயிரம். அவள் கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தாள்.

“வித்துக் குடு.”

“இப்ப விக்கலாமா தாயி? பிஞ்சுல யாராச்சும் பறிப்பாகளா?”

“நூத்தி இருபது நாளாச்சு. ஒங்கணக்குக்கு இன்னைக்கு லாரியே வந்திருக்கணும்.”

“மார்க்கெட்டு மேல நமக்கு ஒரு நம்பிக்கை வேணும். நீண்ட காலத்துல…”

“மூணு வருசம் நீண்ட காலம் இல்லியா? சரி, ஒம் பன்னெண்டு எம்புட்டு ஆச்சு? அதையும் காட்டு.”

சுந்தரலிங்கம் மின்விசிறியைப் பார்த்தார். பிச்சையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“இன்னும் எதுக்கு மூடி மறைக்கிறீக? சொல்லுங்க.”

“நீ உள்ள போ.”

“அவுக பன்னெண்டு தபாலாபீசுல இருக்கு, தேவயானி. எம்பேருல. தோட்டம் வித்த மாசமே போட்டாச்சு. மூணு மாசத்துக்கு ஒருக்க வட்டி வருது.”

“அது அவசர ஆத்திரத்துக்குண்டு வச்சது!” என்றார் சுந்தரலிங்கம். “வீட்டுல ஒரு கையிருப்பு வேணாமா? எல்லாத்தையும் கொண்டுபோயி ஒரே எடத்துல போடுறவன் முட்டாள்.”

“சரியாச் சொன்ன,” என்றாள் தேவயானி.

அவள் மதினியைப் பார்த்தாள். என்ன கேட்கப் போகிறாள் என்று பிச்சையம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

“எனக்கும் ஒரு மக கட்டிக்குடுக்க இருக்காத்தா,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. வழக்கம்போலத் திறந்தே இருந்தது.

தை பதினாறில் சண்முகராஜ் செல்போன் கடைக்காரரிடம் முன்பணம் வாங்கினார். மாசிக் கடைசிக்குள் தேவயானி காலி செய்ய வேண்டும். ஜீப் நிற்கிற இடத்தைச் சுற்றி வேறு கடை இல்லை. அரை மைல் தள்ளி இருந்த ஒன்றைப் போய்ப் பார்த்தாள். விடியும் முன்பு அரை மைல் நடந்து வந்து இட்லி தின்ன எந்தப் பெண்ணுக்கும் நேரம் கிடையாது. ஜீப் காத்திருக்காது.

மார்க்கெட் மாசியிலும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது, சுந்தரலிங்கம் விற்காமல் வைத்திருந்த தேவயானியின் காசும்தான். அதற்குள் ஊரில் ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருந்தது. சின்னமனூரில் ஒரு வாத்தியாருக்கு ஆறு லட்சம் போச்சாம், போடியில் ஒரு ஏலக்காய்க்காரருக்குச் சொல்லவே முடியாத அளவுக்குப் போச்சாம். கம்பத்து உரக்கடைக் கூட்டத்துக்கு மட்டும் ஒரு பைசா போகவில்லை. ஏன்? சுந்தரலிங்கம் அண்ணன் நாலு வருசமாகச் சரியும் சரியும் என்று சொன்னார், அவர்கள் போடவில்லை. போடச் சொன்ன அந்த ஒரு மதியத்தை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. சுந்தரலிங்கமும்தான். வாய்க்கால் கரையை விட்டுவிட்டு நேர் ரோட்டில் நடக்க ஆரம்பித்தார். “நாஞ்சொன்னேன்ல?” என்று எதிரே வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டார். மார்க்கெட் இன்னும் ஒரு அங்குலம் இறங்கினால் அவர் ஒரு அங்குலம் வளர்ந்தார்.

மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பேச்சிமுத்து பாராட்டு விழா வைத்தான். பின்னால் கட்டியிருந்த பேனரில் ‘சரிவை முன்னறிந்த செம்மல்’ என்று இருந்தது. செம்மலின் படத்துக்குப் பின்னால் பழம் தொங்கும் திராட்சைப் பந்தல் ஒன்றும் போட்டிருந்தார்கள். எழுபது பேருக்குப் பொங்கலும் கேசரியும் தேவயானியிடம்தான் சொல்லியிருந்தான். காலி செய்யப் போகிற கடையின் கடைசிப் பெரிய வேலை அது.

“அண்ணன் இல்லண்டா நாம எல்லாம் இன்னைக்குத் துண்ட விரிச்சு ஒக்காந்திருக்கணும்,” என்றான் பேச்சிமுத்து மைக்கில். “அம்புட்டுப் பேரும் ஏறுது ஏறுதுண்டு குதிச்சாக. அண்ணன் ஒருத்தருதான் சரியும்ண்டாரு. சரிஞ்சதா இல்லியா?”

“சரிஞ்சது!” என்றது கூட்டம்.

பொன்னாடை போர்த்தினார்கள். மாலை போட்டார்கள். திராட்சை மாலை, பன்னீர்த் திராட்சை. சுந்தரலிங்கம் மைக்கைப் பிடித்து, கவாத்துக் கணக்கை முதல் வெட்டிலிருந்து விளக்கினார். கொடி, கண், துளிர், பிஞ்சு. பதினாலாவது வெட்டு எந்த நாளில் விழும் என்று தான் முன்கூட்டியே வட்டம் போட்டதைச் சொன்னபோது கை தட்டினார்கள். அடுத்து எப்போது ஏறும் என்ற தேதியையும் சொன்னார். எழுபது பேரும் போனை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள்.

“யாருக்காச்சும் சந்தேகம் இருந்தா கேக்கலாம்,” என்றான் பேச்சிமுத்து. “அண்ணன் எதுக்கும் பதில் சொல்லுவாக.”

கேசரித் தூக்கோடு வரிசையில் வந்துகொண்டிருந்த தேவயானி கரண்டியை உயர்த்தினாள்.

“எனக்கு ஒண்ணு இருக்கு.”

கூட்டம் சிரித்தது. “கூடப்பொறந்த தங்கச்சி!” என்று பேச்சிமுத்து மைக்கில் அறிவித்தான். “வீட்டுலயே வச்சுக்கிட்டு இங்க வந்து கேக்குறாக பாருங்க!”

“கேளு தாயி,” என்றார் சுந்தரலிங்கம் மாலையைச் சரிசெய்துகொண்டே. “கூச்சப்படாமக் கேளு.”

தேவயானி தூக்கைக் கீழே வைத்தாள்.

“சரியப் போகுதுண்டு ஒனக்கு நாலு வருசமாத் தெரியும்ல, அப்ப ஒங்காசத் தபாலாபீசுல வச்சிட்டு எங்காச மட்டும் எதுக்குண்ணே மார்க்கெட்டுல கொண்டுபோயி வச்ச?”